டெல்லி என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், தம்பி

கேள்வி: எனக்கு 28 வயது. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு கிராமம். படையில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. ராஜஸ்தான், காஷ்மீர், அசாம் எல்லாம் பார்த்துவிட்டேன். இப்போது எங்கள் பட்டாலியன் ஐ.நா. அமைதிப் படைக்காக ஒரு வருடம் தெற்கு சூடான் போகிறது. என் பெயரும் வந்திருக்கிறது. நாட்டை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. இன்னும் இரண்டு மாதத்தில் புறப்பாடு. மனைவிக்கு நான்காம் மாதம். அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் டெல்லிக்கு மாற்றல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதற்கே அம்மா கோயிலில் பூக் கேட்டுவிட்டு வந்தார்கள். அப்பா இல்லை. என்னை வளர்த்தது அப்பாரு (தாத்தா). அவருக்கு 81 வயது. நான் திரும்பி வருவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வருவதில்லை. சொந்தக்காரர்களோ டாலர் சம்பளம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே போய் எப்படி இருப்பது? ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, "அங்கே போய் எப்படி இருப்பது" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்க அம்மாவும் அப்பாரும் மனைவியும்தான் இருக்கிறார்கள். நானும் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தெற்கு சூடானுக்கு அப்புறம் வருவோம்.

ராணுவ மருத்துவப் பிரிவில் 22 வருடம் டாக்டராக இருந்தேன். 2010-இல் காங்கோவில், கோமா நகரத்தில் இந்தியா நடத்திய ஐ.நா. மருத்துவமனையில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது கோபியில் கிளினிக் வைத்திருக்கிறேன். காய்ச்சலுக்கு வருகிறவர்களைப் போலவே, மகனோ புருஷனோ எல்லையில் இருக்கிறார் என்று தூக்கம் கெட்டு வருகிறவர்களும் என்னிடம் நிறைய.

முதலில் அந்த டெல்லி. நீங்கள் சொன்ன அதே பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது என் மகளுக்கு எட்டு வயது. என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். "கொழந்த பயந்துக்கும், டெல்லின்னே சொல்லிக்கலாம்" என்றார் அம்மா. எனக்கும் அது சுலபமாக இருந்தது. முழுப் பொய்யாகவும் தோன்றவில்லை; விமானம் ஏறுவதற்கு முன் டெல்லியில்தானே எல்லோரும் கூடுகிறோம், பயிற்சியும் அங்கேதானே. மூன்றாம் மாதம், கூடப் படிக்கிற பையன் ஒருவன் அவளிடம், "உங்கம்மா ஆப்பிரிக்கா சண்டைல இருக்காங்களாமா" என்று கேட்டுவிட்டான். அன்று சாயங்காலம் போன் செய்தேன். அவள் அழவில்லை. "அங்க இப்ப மணி என்னம்மா?" என்று மட்டும் கேட்டாள். யோசிக்காமல் இரண்டரை என்று சொல்லிவிட்டேன். "இங்க ஆறு மணி" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் எதைச் சொன்னாலும் "நெசமாவா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றால் நெசமாவா, நல்லா இருக்கேன் என்றால் நெசமாவா. தூரத்தில் இருக்கிறவனுக்கு வீட்டோடு இருக்கும் ஒரே கயிறு அவன் வார்த்தைதான். அது யாரும் நம்பாத வார்த்தை ஆகிவிட்டால் நாள் தவறாமல் பேசினாலும் பயனில்லை. உங்கள் அம்மாவுக்கும் விஷயம் தெரியாமல் இருக்கப் போவதில்லை. ஒரே பட்டாலியனில் இன்னொரு பையனின் வீட்டார் பல்லடத்திலோ தாராபுரத்திலோ இருப்பார்கள். கல்யாணத்தில், பஸ்ஸில், ரேஷன் கடையில் எங்காவது பேச்சு வந்துவிடும். அப்போது அம்மாவுக்கு ஆப்பிரிக்காவைவிட, மருமகளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பதுதான் அதிகமாக வலிக்கும். அந்த வலியோடு, மாசமாக இருக்கும் மருமகளும் அவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

அதனால் புறப்படுவதற்கு முன் லீவில் வரும்போது, வந்த முதல் இரண்டு நாளுக்குள் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், ராத்திரியில் வேண்டாம். காலையில், பால் கறந்து முடிந்த பிறகு, அப்பாரும் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். கடைசி நாள் வரை தள்ளிப் போட்டால், அழுது தீர்த்துவிட்டுச் சாதாரணமாகப் பேசும் நாள் ஒன்றுகூட அம்மாவுக்குக் கிடைக்காது. அந்தச் சாதாரண நாட்கள்தான் அவருக்கு ஒரு வருடம் ஓட்டுவதற்கான தெம்பு.

"சண்டைக்காடா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தெற்கு சூடான் 2011 ஜூலை 9-இல் தனி நாடானது. 2013 டிசம்பரில் உள்நாட்டுச் சண்டை வந்தது. 2018-இல் ஒப்பந்தம் போட்டார்கள். முழு அமைதி இன்னும் வரவில்லை. 2013 ஏப்ரலில் ஜோங்லே பகுதியில் வாகனங்களுக்குக் காவலாகப் போன நம் வீரர்கள் ஐந்து பேர் பதுங்கித் தாக்கியதில் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் அகோபோ முகாமில் இரண்டு பேர். இதையெல்லாம் அம்மாவிடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஆனால் "ஆபத்து இருக்குதும்மா, அதுக்குத்தான் தொப்பியும் கவசமும் கொடுத்து, எங்க பட்டாலியன் மொத்தத்தையும் சேர்த்து அனுப்பறாங்க; நான் தனியாப் போகல" என்று சொல்லுங்கள். எதற்குப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த 2013 டிசம்பரில் பெண்களும் குழந்தைகளுமாகப் பல்லாயிரம் பேர் உயிருக்கு ஓடி வந்து ஐ.நா. முகாம்களுக்குள் புகுந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு வாசலில் நின்றவர்களில் நம் பட்டாலியன்களும் உண்டு. சாதாரண மக்களுக்குப் பாதுகாப்பாக நிற்பதுதான் அந்தப் படையின் முதல் வேலை. இதைச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும்.

நாடு எவ்வளவு பெரியது என்றும் சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. டிவியில் "தெற்கு சூடானில் மோதல்" என்று ஓடினால், அது உங்கள் முகாமிலிருந்து இங்கிருந்து ஹைதராபாத் தூரத்தில் இருக்கலாம். அங்கே மணி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி ஒன்பது என்றால் அங்கே சாயங்காலம் ஐந்தரை. அம்மா வீட்டில் ஒரு பழைய கடிகாரம் இருந்தால் அதை அந்த மணிக்குத் திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள். என் மகளுக்கு நான் அதைத்தான் செய்தேன், நான்காம் மாதத்தில், போனில் சொல்லி. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

இனி மறுபக்கம். நீங்கள் மறைக்காமல் இருந்தால் மட்டும் போதாது, வீட்டார் உங்களிடம் மறைக்காமல் இருக்க வேண்டும். இதில் நம் ஊர்க்காரர்கள் மிகவும் மோசம், பாசத்தால்தான் மோசம். கோமாவில் நாயக் பதவியில் இருந்த ஒரு வீரர் தூக்கம் இல்லை என்று என்னிடம் வந்தார். மாத்திரை கேட்டார். பேசிப் பார்த்ததில், போன் செய்யும்போதெல்லாம் "அப்பா தூங்கறாரு", "அப்பா காட்டுக்குப் போயிருக்காரு" என்று பதில் வருவதாகச் சொன்னார். அவருக்கு உள்ளூரத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது நாள் கழித்துத்தான் அண்ணன் உண்மையைச் சொன்னார். கருமாதியும் முடிந்திருந்தது. "மேடம், அப்பா போனதைத் தாங்கிக்குவேன். எங்கம்மா உட்பட எல்லாரும் சேர்ந்து பத்தொன்பது நாள் நடிச்சாங்களே" என்று அழுதார். அதன் பிறகு மீதியிருந்த ஐந்து மாதமும் அந்த ஆள் ஒவ்வொரு போனுக்கும் நடுங்கினார். வீட்டில் நிஜமாகவே எல்லோரும் நன்றாக இருந்தபோதும் நடுங்கினார்.

ஆகவே லீவு முடிவதற்குள் வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தி எதுவானாலும் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்று. யார் சொல்வது என்பதையும் ஒருவர் பெயரில் முடிவு செய்யுங்கள். மனைவி மேல் அந்தப் பாரத்தைப் போடாதீர்கள். சித்தப்பாவோ மாமாவோ, பதறாமல் பேசக்கூடிய ஒருவர் போதும். அவசர லீவு தேவைப்பட்டால் அவரே யூனிட்டைத் தொடர்பு கொள்ள வேண்டும். நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். யூனிட் ஆவணத்தில் உங்கள் மனைவியின் இப்போதைய போன் நம்பரும் முகவரியும் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு ஏதாவது என்றால் செய்தி அந்த வழியாகத்தான் வரும், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் படமாக வராது என்று வீட்டில் அழுத்திச் சொல்லுங்கள். ரோந்து போனால் நாட்கணக்கில் பேச முடியாது. மழைக்காலத்தில் நெட்வொர்க்கும் போகும். பேச்சு வரவில்லை என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை என்பது அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தினமும் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். புதன், ஞாயிறு என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மனைவியிடம் தனியாக, அம்மாவிடம் தனியாக. பேசும்போது "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று முடித்துவிடாதீர்கள். முகாமில் பூனை குட்டி போட்டதைச் சொல்லுங்கள், இன்றைக்கு சப்பாத்தி கருகியதைச் சொல்லுங்கள், தலைவலி என்றால் தலைவலி என்று சொல்லுங்கள். சின்னச் சின்ன உண்மையாகச் சொல்லிக்கொண்டே வந்தால் பெரிய விஷயம் ஒன்று சொல்ல வேண்டி வரும்போது நம்புவார்கள்.

அப்பாரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அவரிடம் "மாட்டுக்காரங்க ஊருக்குப் போறேன்" என்று சொல்லுங்கள். தெற்கு சூடானில் டிங்கா, நூயர், முண்டாரி மக்களின் உயிரே மாடுதான். பெண்ணுக்குப் பரிசம் மாடாகத்தான் கொடுப்பார்கள். பையன்களுக்கு மாட்டின் நிறத்தை வைத்தே பேர் வைக்கும் பழக்கம் டிங்காக்களிடம் உண்டு. வெள்ளைக் காளையின் பேர் மபியோர். சிவப்பு என்றால் மலுவால். அந்த நாட்டு விடுதலைத் தலைவர் ஜான் கராங்கின் பேரிலேயே மபியோர் இருக்கிறது. பிள்ளை, மயிலை, காரி, செவலை என்று மாட்டைப் பார்த்ததும் நிறம் சொல்லி வளர்ந்தவருக்கு இது எவ்வளவு நெருக்கமாக இருக்கும்! சாணியை எரித்து அந்தச் சாம்பலை உடம்பிலும் மாட்டின் மேலும் பூசுவார்கள், பூச்சி கொசு அண்டாமல் இருக்க. கொம்பு அகலமாக, வானத்தைத் தொடுவது போல இருக்கும். நம்முடைய கொறங்காட்டு மேய்ச்சலில் வெள்வேல மரத்தடியில் மாடு நிற்பது போலவே அங்கேயும் வேல மரத்தடியில் நிற்கும். கிளுவை வேலி மட்டும் இருக்காது. நம் படையோடு போன கால்நடை மருத்துவர்கள் போர், மலக்கால் என்ற ஊர்களின் பக்கம் முகாம் போட்டு அந்த மக்களின் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உங்கள் யூனிட்டிலும் அப்படி முகாம் நடந்தால் கூடப் போக முடியுமா என்று கேளுங்கள். மாடு பிடிக்கத் தெரிந்த கை அங்கே வீண் போகாது. வாரம் ஒரு தடவை அப்பாருக்கு நீங்கள் பார்த்த மாட்டைப் பற்றிச் சொல்லுங்கள், அவரைக் கேள்வி கேட்க விடுங்கள். ஆனால் ஒன்று. அங்கே மாடு திருடப்போய்த்தான் துப்பாக்கிச் சண்டையே பாதி வருகிறது. பட்டியைப் படம் எடுக்கும் முன் மாட்டுக்காரரிடமும் உங்கள் அதிகாரியிடமும் கேட்டுவிட்டு எடுங்கள்.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்துக்கும் அவரிடமே வழி இருக்கிறது. அப்பா இல்லாத வீட்டில், கொள்ளி வைக்க வேண்டியவர் நீங்கள். அந்த நினைப்புதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். "நான் வர முடியாமப் போச்சுன்னா யாரு செய்யணுங் அப்பாரு?" என்று. எண்பது தாண்டியவர்கள் இதைப் பேசத் தயங்குவதில்லை. தயங்குவது நாம்தான். அவர் ஒரு பேரைச் சொல்வார், அநேகமாக ஒரு திட்டும் சேர்த்துக் கொடுப்பார். அந்தப் பதிலை அம்மாவும் கேட்கட்டும். அது அவர் கொடுத்த அனுமதி. அந்த நாள் வந்தால் உங்களுக்குப் பிடித்துக்கொள்ள அது இருக்கும்.

மனைவி விஷயம். நீங்கள் எழுதிய கணக்குப்படி பிரசவத்தின்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள். "எப்படியாவது வந்துடறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். லீவு எப்போது, விமானம் எப்போது என்பது உங்கள் கையில் இல்லை. வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் ஏமாற்றம் இருக்கக்கூடாது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைக்கும் கட்டுச்சோறு விருந்து எப்போது, அதற்கு முன் எந்த வீட்டில் இருப்பது, பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்பதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் சொல்கிறபடி முடிவு செய்யுங்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்கள் முன்னால் அந்த முடிவை நீங்களே சொல்லுங்கள். நீங்கள் போன பிறகு அவள் ஒருத்தியாக அதற்காகப் போராட வேண்டியிருக்கக்கூடாது. ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்குவது, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் உங்கள் போனுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆபரேஷனுக்குக் கையெழுத்து அவளே போடலாம், புருஷன் வர வேண்டியதில்லை.

கிராம சுகாதார நர்ஸிடம் கர்ப்பத்தைப் பதிந்து, அதற்கான பிக்மி எண் வாங்கியாயிற்றா என்று பாருங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்பார்கள். சான்றிதழ் வந்ததும் யூனிட்டுக்கு அனுப்பி, வீரரின் குடும்ப விவரம் ஏறும் பதிவான பார்ட் டூ ஆர்டரில் குழந்தையைச் சேர்க்க வேண்டும். உங்கள் கல்யாணம் அதில் ஏறிவிட்டதா என்பதை இப்போதே சரிபாருங்கள். இரண்டு வருடம் கழித்து ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஐ.நா. ஒரு வீரருக்கு இவ்வளவு என்று கொடுப்பது அரசாங்கத்துக்கு. அதிலிருந்து அப்படியே உங்கள் கைக்கு வந்துவிடுவதில்லை. நமது அரசு விதித்த படிதான் உங்களுக்கு. சொந்தக்காரர்களிடம் தொகை சொல்லாதீர்கள், கடன் வாக்கும் கொடுக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கு மனைவி நேரடியாக எடுக்கும்படி கூட்டுக் கணக்கு, அம்மா கைச்செலவுக்குத் தனியாக மாதம் ஒரு தொகை, எல்லாக் கணக்கிலும் நாமினி. இது போதும். அம்மா பணத்துக்கு மருமகளிடம் கை நீட்டும்படியும், மருமகள் மாமியாரிடம் கை நீட்டும்படியும் வைக்காதீர்கள்.

இனி அங்கே. டாக்டராக நான் அடித்துச் சொல்வது மலேரியா. அங்கே இருப்பது ஃபால்சிபாரம் வகை. மூளையைத் தாக்கி இரண்டே நாளில் ஆளைச் சாய்க்கக்கூடியது. தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். மெஃப்ளோகுயின் என்றால் வாரம் ஒன்று, டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும் ஒன்று. சிலருக்கு மெஃப்ளோகுயின் போட்டால் பயங்கரக் கனவு, படபடப்பு, மனச்சோர்வு எல்லாம் வரும். வந்தால் "நான்தான் பலவீனம்" என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், தடுப்பு மருந்தே இல்லாமலும் இருந்துவிடாதீர்கள். அடுத்த மாத்திரை போடும் முன்பே யூனிட் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்துப் போட வேண்டும். போட்டதும் படுத்துவிடக் கூடாது. வெயில் தோலைச் சீக்கிரம் சுடும், முழுக்கை சட்டை நல்லது. கொசுவலைக்குள் படுங்கள், வெக்கையாக இருந்தாலும்.

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது ஊர் திரும்பியதும்தான். இந்த இரண்டு மாத்திரையையும் அந்த நாட்டை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். விமானத்திலிருந்து இறங்கியதும் "இனி எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள். கறி விருந்து, கோயில், சொந்தக்காரர் வீடு என்று பத்து நாள் போகும், காய்ச்சல் அடிக்கும். நம் ஊர் டாக்டர் டெங்கு என்றோ டைபாய்டு என்றோ நினைப்பார். அவர் மேல் தப்பில்லை, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. எந்தக் காய்ச்சலானாலும், திரும்பி ஒரு வருடம் வரை, டாக்டரிடம் முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே பார்க்க வேண்டும், நாளைக்கு என்று விடக்கூடாது. உங்கள் மனைவிக்கும் இந்த வாக்கியத்தைச் சொல்லி வையுங்கள். காய்ச்சல் முற்றினால் உங்களுக்குப் பேச நினைவிருக்காது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அந்த மஞ்சள் புத்தகத்தைத் தொலைத்தால் திரும்பி வரும்போது இங்கே விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டோடு ஒன்றாக வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்காலில் குதித்து வளர்ந்த பையன் நீங்கள். வெண் நைல் ஆற்றைப் பார்த்ததும் கால் இழுக்கும். இறங்காதீர்கள். முதலை ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னொரு பக்கம். அந்தத் தண்ணீரில் நத்தையிலிருந்து வரும் ஒரு புழுக் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மாதங்கள் கழித்துச் சிறுநீரில் ரத்தம், வயிற்றுவலி என்று காட்டும். மருந்து உண்டு; ஆனால் தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் சொன்னால்தான் அவர் அதைத் தேடுவார்.

மழைக்காலம் ஏப்ரல், மே வாக்கில் ஆரம்பித்து அக்டோபர் தாண்டியும் போகும். கரிசல் மண், வண்டி அச்சு வரை இறங்கிவிடும். சாலை அடைந்தால் விமானத்திலும் ஆற்றுப் படகிலும்தான் சாமான் வரும். காய்கறி குறையும், டப்பா உணவு அதிகமாகும். படைச் சமையலறையான லங்கரில் பருப்பும் சப்பாத்தியும் உங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, நல்ல வர மிளகாய்ப் பொடி எடுத்துப் போங்கள். பச்சையாக, ஈரமாக எதுவும் வேண்டாம்.

உண்மையில் கஷ்டமாக இருக்கப்போவது சலிப்பு. முதல் மாதம் எல்லாம் புதிது. மூன்றாம், நான்காம் மாதத்தில் அதே கம்பிவேலி, அதே கன்டெய்னர் அறை, அதே முகங்கள், வெளியே தன்னிஷ்டத்துக்கு நடக்க முடியாது. என்னிடம் தலைவலி, வயிற்றுவலி என்று வந்தவர்களில் பலருக்கு நோய் அதுதான். அந்த மாதங்களுக்கு என்று ஒரு வேலையை இப்போதே எடுத்து வையுங்கள். ஆங்கிலம் அங்கே அரசு மொழி; பேசிப் பழக நல்ல வாய்ப்பு, பதவி உயர்வுக்கும் உதவும். அங்கத்துப் பேச்சு மொழியான ஜூபா அரபியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். நன்றிக்கு "ஷுக்ரன்", நலம் என்பதற்கு "தமாம்". நூயர்காரரைப் பார்த்தால் "மாலே" என்று வணக்கம் சொல்லுங்கள்; கறுத்த முகத்தில் வெள்ளைச் சிரிப்பு வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருந்தாலோ, குடி கூடினாலோ, எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தாலோ, செத்தால் தேவலை என்று ஒரு நொடி தோன்றினாலோ, டாக்டரிடமோ உங்கள் சுபேதார் சாபிடமோ அன்றைக்கே போங்கள். காய்ச்சலுக்குப் போக வெட்கப்படுவீர்களா? இதற்கும் வேண்டாம்.

ஒரு விஷயத்தைப் பெரியவள் என்ற உரிமையில் நேராகச் சொல்கிறேன். முகாம் வேலிக்கு வெளியே பசியோடு பெண்கள் வருவார்கள், சிறு பெண்களும் வருவார்கள். ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கு எதுவும் நடக்கும் நிலையில் இருப்பார்கள். பணமோ சாப்பாடோ உதவியோ கொடுத்து உறவு கொள்வது ஐ.நா. விதிப்படி குற்றம், 2003-இலிருந்து எழுத்தில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அந்த ஊர் வழக்கம் என்னவாக இருந்தாலும் குற்றம். விதி இல்லாவிட்டாலும் நீங்கள் போவது அவர்களைக் காப்பாற்ற. கூட இருப்பவன் செய்தாலும் வாய் மூடி இருக்காதீர்கள். கோமாவில் என் மேசை முன்னால் உட்கார்ந்த சில பெண் குழந்தைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நம் ஆட்கள் இப்படிப் போவது இது முதல் தடவை இல்லை. 1950-இல் கொரியப் போருக்கு இந்தியா அனுப்பிய 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழ் டாக்டர்தான். அப்போது போனும் கிடையாது, கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். அம்மாவிடம் இதையும் சொல்லலாம்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வருடத்தில் வீடு உங்கள் இல்லாமையைச் சுற்றி வளர்ந்துவிட்டிருக்கும். மனைவி தனியாக முடிவெடுக்கப் பழகியிருப்பாள். வந்ததும் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் விருந்தாளி மாதிரி இருந்து பாருங்கள், என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டால், நோம்பிப் பட்டாசுக்குக் கோபம் வந்தால், அதையும் மனைவியிடம் சொல்லுங்கள்.

குழந்தைக்கு அப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். முகம் பார்த்துப் புது ஆளைக் கண்டால் அழுகிற வயது. உங்களைப் பார்த்ததும் வீறிட்டு அழும், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இழுத்துத் தூக்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, போனில் பேசிய அதே குரலில் வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள். நான்கைந்து நாளில் தானாகத் தவழ்ந்து வந்து உங்கள் கால் விரலைப் பிடித்துப் பார்க்கும்.